அரை மணி முந்திப் பிறந்தவள்

என் ஜாதகம் இரண்டு தடவை கணிக்கப்பட்டது. முதல் தடவை நான் பிறந்த மாதத்திலேயே, கிள்ளானில் இருந்த ஒரு சாத்திரியார் பென்சிலால் கணக்குப் போட்டு மையால் எழுதிக் கொடுத்தார். இரண்டாவது தடவை நான் முப்பதைத் தொடப் போகிற சமயத்தில், என் தம்பி எங்கள் வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியை வைத்துக் கணித்தான். முதலாவதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. இரண்டாவதில் செவ்வாய் ஏழாம் இடத்தில் வந்து சப்பணம் போட்டு உட்கார்ந்துகொண்டது. ஒரே ஆள், ஒரே அம்மா, ஒரே விடியற்காலை. எது சரி என்று பின்னால் தெரிந்தது. தெரிந்து என்ன ஆனது என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நாங்கள் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவாட்டர்ஸில் இருந்தோம். அப்பா குமாஸ்தா. எங்களைப் போன்ற சிலோன் குடும்பங்கள் அந்த வரிசையில் நிறைய. எல்லார் வீட்டிலும் ஒரு சரஸ்வதி படம், ஒரு ஆங்கில அகராதி, கல்யாணத்துக்குக் காத்திருக்கிற ஒரு பெண். எங்கள் வீட்டில் அந்தப் பெண் நான். ஆரம்பப் பள்ளியில் ஆசிரியை. தம்பி என்னைவிட மிகவும் இளையவன், தொழில்நுட்பக் கல்லூரியில் மின்சாரம் படித்துக்கொண்டிருந்தான்.

கல்லூரியில் கம்ப்யூட்டர் இருந்தது, ஆனால் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம். மாணவர்கள் காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே போய், கையைக் கட்டிக்கொண்டு பார்த்துவிட்டு வரலாம். தொடக் கூடாது. தம்பிக்கு அது போதவில்லை. டியூஷன் சொல்லிக் கொடுத்துச் சேர்த்த காசில், ஒரு அமெரிக்கக் கம்ப்யூட்டரின் தைவான் நகலைப் பலகை பலகையாக வாங்கி வந்து, ஈயம் வைத்து அவனே ஒட்டினான். வீடு முழுக்க ஈயப் புகை. அம்மா சாம்பிராணி போட்டு அந்த வாசனையை விரட்டப் பார்த்தாள். கடைசியில் இரண்டும் சேர்ந்து கோயிலும் பட்டறையும் கலந்த மாதிரி ஆனதுதான் மிச்சம்.

அந்தச் சாமானை முன்னறையில் சாப்பாட்டு மேசையில் வைத்தான். எங்கள் தொலைக்காட்சிப் பெட்டிதான் அதற்குத் திரை. அதனால் ஞாயிறு தமிழ்ப் படம் பார்ப்பது நின்றுபோனது. மேசைக்கு மேலே சுவர்க்கடிகாரம். கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற சபாவும் சரவாக்கும் நாமும் ஒரே நேரத்தில் இருக்க வேண்டும் என்று எண்பத்திரண்டு பிறந்தபோது இந்தப் பக்கம் முழுக்கக் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளினோமே, அப்போது அப்பா நாற்காலியில் ஏறி முள்ளைத் தள்ளியது அந்தக் கடிகாரத்தில்தான். தம்பி ரேடியோவில் காதை வைத்துக்கொண்டு நேரம் சொன்னான். நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். அதற்குப் பிறகு இருட்டிலேயே பள்ளிக்குக் கிளம்ப வேண்டியிருக்கிறது என்று அம்மா பல வாரம் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

தம்பிக்கு ஒரு கூட்டாளி உண்டு. கிள்ளானில் துணிக்கடை வைத்திருந்த தமிழ் முஸ்லிம் குடும்பத்துப் பையன். அதே கல்லூரி. ஒல்லியாக, சட்டைப் பையில் எப்போதும் மூன்று பேனாவோடு இருப்பான். சனிக்கிழமை காலையில் பஸ் ஏறி வந்தால் சாயங்காலம்தான் போவான். இந்த இரண்டு பேருக்கும் சொல்லிக் கொடுக்க யாரும் இல்லை. பழைய புத்தகக் கடையில் கிடைத்த கம்ப்யூட்டர் சஞ்சிகைகளில் இருந்த புரோகிராம்களை ஒருவன் வாசிக்க ஒருவன் தட்டுவான். முதலில் பந்து விளையாட்டு செய்தார்கள். பிறகு நிலா எந்த நாளில் எவ்வளவு தெரியும் என்று கணக்குப் பண்ணினார்கள். அது சரியாக வந்ததா என்று பார்க்க வீட்டில் இருந்த ஒரே எண்புத்தகம் அம்மாவின் பஞ்சாங்கம்தான். அப்படித்தான் பஞ்சாங்கம் அந்த மேசைக்கு வந்தது. நிலாவுக்குப் பிறகு சூரியன், சூரியனுக்குப் பிறகு கிரகங்கள், அதற்குப் பிறகு லக்கினம். ஜாதகம் கணிக்க வேண்டும் என்று அவர்கள் கிளம்பவே இல்லை. கணக்கு அவர்களை இழுத்துக்கொண்டு போய் அங்கே விட்டது.

"நீ முஸ்லிம், உனக்கு ஏன் தம்பி இந்தக் கிரக வேலை?" என்று அம்மா ஒரு நாள் புட்டு வைத்துக்கொண்டே கேட்டாள்.

"எனக்கு இதுல நம்பிக்கையெல்லாம் இல்ல ஆன்டி. கணக்கு சரியா வருதான்னு பாக்கத்தான் வரேன். அப்புறம் உங்க புட்டுக்கு."

வீட்டுக்குப் பின்னால் ரயில் போகும்போதெல்லாம் கம்ப்யூட்டரோடு கோத்திருந்த அச்சு இயந்திரம் ஆடி எழுத்து கோணிக்கொள்ளும். அந்த எரிச்சலில் தம்பி ஒவ்வொரு தாளின் அடியிலும் கோடும் வட்டமுமாக ஒரு குட்டி ரயில் அச்சாகும்படி எழுதிவைத்தான். எஞ்சின், மூன்று பெட்டி, கொஞ்சம் புகை. அதுதான் அவர்களுடைய கையெழுத்து.

சரிபார்க்க வேண்டுமே. அந்த வரிசையில் அப்போது பிறந்த குழந்தைகளின் குறிப்புகளை அம்மா வாங்கிவந்து கொடுத்தாள். கோயில் ஐயர் கணித்ததும் மிசின் கணித்ததும் ஒவ்வொன்றாக ஒத்துப்போனது. தம்பி தன் ஜாதகத்தையும் போட்டுப் பார்த்தான், அதே லக்கினம் வந்தது. அதற்குப் பிறகு அவர்களைப் பிடிக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை எங்கள் முன்னறையில் ஆன்டிமார் கூட்டம். தாளில் நட்சத்திரப் புள்ளிகளால் பன்னிரண்டு கட்டம் வரும், அதற்குள் ஆங்கில எழுத்தில் கிரகங்கள். சரக் சரக் என்று அது ஓடும்போது அந்த அம்மாக்கள் தீபாராதனை பார்ப்பது போல நின்றார்கள். பெட்டாலிங் ஜெயாவில் இருந்தும் காஜாங்கில் இருந்தும் வந்தார்கள். யார் கேட்டாலும் தம்பி புரோகிராமைப் பிளாப்பித் தட்டில் நகலெடுத்துக் கொடுத்தான். அவனுக்கு அதில் பெருமை. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, ஏன் மறைக்க வேண்டும். இவன் என் தம்பி என்று பள்ளி ஆசிரியர் அறையில் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் கிள்ளான் சம்பந்தம் வந்தது.

அவர் மருந்தாளர். எங்களவர்தான். முதல் தடவை பெற்றோரோடு வந்தபோது என்னைப் பார்த்ததைவிடத் தன் கால் விரலைத்தான் அதிகம் பார்த்தார். இரண்டாவது தடவை எங்கள் இருவரையும் பேசவிட்டு மற்றவர்கள் உள்ளே போனார்கள். பள்ளிக்கூடத்தில் எந்த வகுப்புப் பிள்ளைகள் மிகவும் தொல்லை என்று கேட்டார். மூன்றாம் வகுப்பு என்றேன். ஏன் என்று கேட்டார். அது வரைக்கும் என்னைப் பெண் பார்க்க வந்த ஒருவரும் 'ஏன்' என்று கேட்டதில்லை. சம்பளம் கேட்டிருக்கிறார்கள், சமையல் கேட்டிருக்கிறார்கள், கண்ணாடி எப்போதிருந்து போடுகிறேன் என்று கேட்டிருக்கிறார்கள். நான் மூன்றாம் வகுப்பைப் பற்றிச் சொல்லச் சொல்ல அவர் சிரித்தார். சிரிக்கும்போது அவருடைய காது இரண்டும் அசையும். அன்று இரவு படுத்தபோது எனக்கு அந்தக் காதுகள்தான் நினைவில் இருந்தன. இந்த ஆளைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று ஆசைப்பட்டேன். வாழ்க்கையில் அப்படி நேராக ஆசைப்பட்டது அந்த ஒரு தடவைதான்.

பொருத்தம் ஏற்கனவே பார்த்தாகிவிட்டது. சாத்திரியார் எழுதிய குறிப்பில் எனக்குத் துலா லக்கினம், செவ்வாய் ஆறில். குற்றம் இல்லை. அவருக்கும் இல்லை. எங்களவர்களிடம் செவ்வாய்க் குற்றம் என்பது பாதி ஆயுள் தண்டனை. இருவருக்கும் இருந்தால் ஒன்றை ஒன்று தின்றுவிடும் என்று கட்டிவைப்பார்கள். ஒருவருக்கு மட்டும் இருந்தால் மற்றவருடைய உயிருக்கு ஆகாது என்று சொல்லி எழுந்து போய்விடுவார்கள். எங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை என்றதும் நாள் வைக்க வந்தார்கள். ஒரு ஞாயிறு, மதியச் சாப்பாட்டுக்கு.

சாப்பிட்டுக் கை கழுவி வந்த அவருடைய அப்பா மேசையில் இருந்த மிசினைப் பார்த்தார். அவர் அரசாங்கத்தில் பெரிய எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். புதிய விஷயங்களில் ஆர்வம் உண்டு.

"தம்பி, உங்கட கம்ப்யூட்டரைப் பற்றி எல்லாரும் கதைக்கினம். என்ர மகன்ர குறிப்பையும் அக்காட குறிப்பையும் ஒருக்காப் போட்டுக் காட்டுங்கோவன். சும்மா பாப்பம்."

சும்மாதான். யாருக்கும் சந்தேகம் இல்லை. தம்பி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான். முதலில் அவருடையது வந்தது. ஒத்துப்போனது, எல்லாரும் தலையாட்டினார்கள். பிறகு என் பிறந்த தேதி, நேரம், ஊர். அம்மாதான் நேரம் சொன்னாள். ஆஸ்பத்திரிச் சுவரில் பெரிய கடிகாரம் இருந்ததாம், அதைப் பார்த்துக்கொண்டேதான் என்னைப் பெற்றாளாம். சரக் சரக் என்று தாள் ஏறியது. நான் சமையலறை வாசலில் பாயசக் கிண்ணங்களோடு நின்றேன்.

தம்பி தாளைக் கிழித்து எடுத்தான். பார்த்தான். மறுபடி பார்த்தான். கன்னி லக்கினம் என்று வந்திருந்தது. லக்கினம் ஒரு கட்டம் பின்னுக்குப் போனால் அங்கிருந்து எண்ணும்போது எல்லாம் ஒன்று கூடும். செவ்வாய் ஆறில் இருந்து ஏழுக்குப் போயிருந்தது. ஏழாம் இடம்தான் கணவனின் இடம்.

அவன் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். அவருடைய அப்பா கையை நீட்டினார். தம்பி கொடுத்துவிட்டான்.

"கைக் கணக்கிலை பிழை வந்திருக்கும்" என்று அவர் மெதுவாகச் சொன்னார். யாருடைய கை என்று சொல்லவில்லை.

அம்மா பழைய குறிப்பை ஓடிப்போய் எடுத்து வந்தாள். "இதிலை ஆறு எண்டு போட்டிருக்கு. சாத்திரியார் பிழை விடமாட்டார்."

அதற்குப் பதில் சொன்னது அவர்கள் இல்லை, என் அப்பா. "மிசின் தசமத்திலை கணக்குப் பாக்குது. சாத்திரியார் விரலிலைதானே எண்ணினவர்" என்றார். வாழ்நாள் முழுக்க எண்களோடு இருந்த மனிதர். தசமப் புள்ளிக்குப் பின்னால் எண்கள் வரிசையாக நின்றால் அப்பாவுக்கு அது வேதம். மகளுக்காகக் கூட அதோடு சண்டை போட அவரால் முடியவில்லை. அந்த நிமிடம் அப்பாவை நான் வெறுத்தேன். பிறகும் கொஞ்ச காலம் வெறுத்தேன்.

மாப்பிள்ளை என்று நான் மனதுக்குள் கூப்பிட்டுக்கொண்டிருந்தவர் மறுபடி தன் கால் விரலைப் பார்க்க ஆரம்பித்தார். அவருடைய அம்மா பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். போகும்போது தம்பியின் தோளைத் தட்டினாள்.

"சொந்த அக்காவுக்கே மறைக்காமல் உள்ளதைச் சொல்லிப்போட்டியள். நல்ல பிள்ளை."

பாயசம் மிஞ்சியது. பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தனுப்பினோம். அவர்கள் வாங்கிக்கொண்டு எப்போது கல்யாணம் என்று கேட்டார்கள்.

தம்பியிடம் அன்று சாயங்காலம் கேட்டேன். "ஆறு எண்டு அடிச்சிருந்தா என்னடா? யாருக்குத் தெரியும்?"

"நான் எப்படி மாத்திறது அக்கா? புரோகிராம் அப்படித்தான் சொல்லுது லா. மாத்தினா அது பொய்."

நல்ல பிள்ளைதான். அவனுடைய நேர்மையில் எனக்கு இன்று வரைக்கும் சந்தேகம் இல்லை. அந்த நேர்மைதான் என்னைக் கொன்றது. பொய் சொல்லும் தம்பியாக இருந்திருந்தால் அந்தத் தாளை யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

எங்கள் ஆட்கள் மிகவும் கொஞ்சம். எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். எனக்குச் செவ்வாய் ஏழில் என்பது அடுத்த வெள்ளிக்கிழமை கோயில் பூஜைக்குள் சிரம்பான் வரை போய்விட்டது. ஆன்டிமார் என்னிடம் மெல்லிய குரலில் பேச ஆரம்பித்தார்கள், நோயாளியிடம் பேசுகிற குரல் அது. நான் பள்ளியில் மூன்றாம் வகுப்பைப் போட்டுக் கத்தினேன். பாவம், அந்தப் பிள்ளைகள் என்ன செய்தார்கள்.

மழைக்காலம் தொடங்கியபோது கிள்ளான் கூட்டாளி ஒரு சனிக்கிழமை வந்தான். நடுவில் கொஞ்ச காலம் அவன் வரவில்லை. கையில் சுருட்டிய பழைய காலண்டர்கள். முகம் சரியில்லை. அம்மா புட்டு வைக்கப் போனபோது வேண்டாம் என்றான். அவன் அப்படிச் சொல்லி நாங்கள் கேட்டதே இல்லை.

அவன் தன் வீட்டில் தனியாக வேறு ஒரு வேலையில் இறங்கியிருந்தான். அதே சூரியக் கணக்கை வைத்துத் தொழுகை நேரங்களைக் கணிக்கும் புரோகிராம். யாரும் கேட்கவில்லை, தானாகச் செய்தது. சரிபார்க்கப் பள்ளிவாசல் காலண்டரைப் பார்த்தான், ஒத்துப்போனது. அவனுடைய அப்பாவின் துணிக்கடையில் அலமாரித் தட்டுக்கு அடியில் பழைய காலண்டர் தாள்களைத்தான் விரிப்பார்கள். அவன் அவற்றையும் உருவி எடுத்துப் போட்டுப் பார்த்திருக்கிறான். எண்பத்திரண்டுக்கு முந்தியது எல்லாம் தப்பாக வந்தது. எல்லாம் ஒரே அளவில் தப்பு. அரை மணி.

"சூரியன் அரை மணி லேட்டா போச்சான்னு நெனச்சேன்" என்று தம்பியிடம் சொன்னான். "அப்புறம்தான் தெரிஞ்சது. நாம பொறந்த நேரத்துல இருந்து எட்டு மணி கழிச்சு கிரீன்விச் நேரம் எடுக்கிறோம்ல? அது இப்ப உள்ளவங்களுக்குத்தான்டா. முந்திப் பொறந்தவங்களுக்கு ஏழரைதான் கழிக்கணும்."

ஏழரை என்ற சொல் எங்கள் வீட்டில் விழுந்தால் அம்மா சனீஸ்வரனை நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வாள். அன்று அவள் கைகூடக் கன்னத்துக்குப் போகவில்லை.

தம்பி சுவரைப் பார்த்தான். அப்பா பார்த்தார். நானும் பார்த்தேன். முள்ளைத் தள்ளியது அப்பா, நேரம் சொன்னது தம்பி, நாற்காலியைப் பிடித்தது நான். அந்தக் கடிகாரத்துக்குக் கீழே உட்கார்ந்துதான் அத்தனை புரோகிராமும் எழுதினார்கள். சோதித்ததெல்லாம் புதிதாகப் பிறந்த குழந்தைகள், அதனால் எல்லாம் சரியாக வந்தது. பழைய ஆட்களில் பெரும்பாலானவர்களுக்கு அரை மணியில் லக்கினம் மாறாது. எல்லையில் பிறந்தவர்களுக்குத்தான் மாறும். நான் எல்லையில் பிறந்தவள். மிசின் என்னை அரை மணி முந்திப் பிறக்க வைத்துவிட்டது.

தம்பி அந்த எண்ணைத் திருத்தி என் நேரத்தை மறுபடி அடித்தான். துலா லக்கினம். செவ்வாய் ஆறு. அடியில் குட்டி ரயில். சாத்திரியாரின் தாளும் இதுவும் ஒன்றுபோல இருந்தன. தம்பி அழுதான். வளர்ந்த பிறகு அவன் அழுது நான் பார்த்தது அன்றுதான். எனக்கு அழுகை வரவில்லை, அவசரம் வந்தது. கிள்ளான் மருந்தாளருக்குக் காஜாங்கில் ஒரு பெண்ணைப் பேசியிருக்கிறார்கள், தை மாதத்தில் கல்யாணம் என்று கேள்விப்பட்டிருந்தேன். தைக்கு இன்னும் நாள் இருந்தது.

"போகக் கூடாது" என்றார் அப்பா. "பேசி முடிச்ச இடத்திலை போய் நிண்டா எங்களை என்னெண்டு நினைப்பினம்?"

அம்மா உள்ளே போய்ப் புடவை மாற்றிக்கொண்டு வந்தாள். அம்மாவும் நானும் தம்பியும் டாக்சி பிடித்தோம். கூட்டாளியும் முன் சீட்டில் ஏறிக்கொண்டான், தானும் வந்து விளக்குவதாகச் சொன்னான். வழி நெடுக மழை. நான் மடியில் இரண்டு தாளையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தேன்.

அவர்கள் வீட்டில் மரியாதையாகத்தான் உட்கார வைத்தார்கள். தேநீர் வந்தது. தம்பி விளக்கினான். கூட்டாளி காலண்டரை விரித்துக் காட்டினான். அவருடைய அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் வாசித்தார். புரிந்தது என்றுதான் நினைக்கிறேன், தலையை ஆட்டினார். கடிகாரம் மாற்றியது அவருக்கும் நினைவிருந்தது.

அவருடைய அம்மா தாளைத் தொடவில்லை.

"இது உங்கட பெடியன்ர மிசின்தானே?" என்றாள் என் அம்மாவிடம்.

"ஓம்."

"அண்டைக்குக் குற்றம் இருக்கு எண்டு சொல்லிச்சுது. இண்டைக்கு இல்லை எண்டு சொல்லுது. நாளைக்கு என்ன சொல்லும்?" குரலில் கோபமே இல்லை. "நானும் பொம்பிளைப் பிள்ளை பெத்தவள்தான். உங்கட மனம் எனக்கு விளங்குது. பிள்ளைக்காகத் தாய் எதையும் செய்வாள்."

என் அம்மா எழுந்தாள். அவ்வளவுதான். எங்களுக்கு எதிராகச் சொன்னபோது அந்த மிசின் சத்தியவான். எங்களுக்குச் சாதகமாகச் சொன்னதும் அது எங்கள் வீட்டுச் சாமான். சரியான கணக்கை ஒருவரும் நம்பவில்லை. தவறான கணக்குக்குத் தோளில் தட்டு கிடைத்தது.

மருந்தாளர் வாசல் வரை வந்தார். குடை பிடித்தார். நான் அவரைப் பார்த்து, "உங்களுக்கு விளங்குதுதானே?" என்று கேட்டேன். நானே கேட்டேன், வெட்கத்தை விட்டு.

"விளங்குது" என்றார். "சாரி."

எனக்கு அந்த ஆள் மேல் அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. விளங்காமல் இருந்திருந்தால் மன்னித்திருப்பேன். திரும்பி வரும்போது அந்த உறையை டாக்சியிலேயே விட்டுவிட்டேன் போலிருக்கிறது, பிறகு அது கிடைக்கவில்லை. நான் தேடவும் இல்லை.

தை வந்தது, போனது. தம்பி மிசினைக் கழற்றிப் பெட்டியில் போட்டு கல்லூரியில் வேறொருவனுக்குக் கொடுத்துவிட்டான். புரோகிராமை நகல் வாங்கிப் போனவர்கள் எல்லாருக்கும் சொல்லி அனுப்பினான், எண்ணை மாற்றும்படி. சிலர் மாற்றியிருக்கலாம். பலர் தங்களுக்குத் தெரிந்தவர்களுக்கு ஏற்கனவே கொடுத்துவிட்டார்கள், அவர்கள் இன்னும் சிலருக்கு. எங்கே போனது என்று அவனுக்கே தெரியவில்லை. படிப்பு முடிந்ததும் ஆஸ்திரேலியா போய்விட்டான். அங்கே கம்ப்யூட்டர் வேலைதான் பார்க்கிறான். போன் செய்தால் மழை பெய்கிறதா என்று கேட்பான், அம்மாவின் முட்டி வலி கேட்பான். என்னைப் பற்றி ஒன்றும் கேட்க மாட்டான். அவன் மேல் எனக்குக் கோபம் தீர்ந்து வெகு காலம் ஆகிறது. அதை அவனிடம் சொல்ல வாய் வருவதில்லை, அதுவும் உண்மை.

எனக்கு அதற்குப் பிறகு வந்த சம்பந்தம் எல்லாம் செவ்வாய்க் குற்றம் உள்ளவர்கள். இரண்டு குற்றவாளிகளை ஒரே சிறையில் போடுவது போல. அப்படி வந்தவர்களில் ஒருவருக்குக் கையால் எழுதிய குறிப்பிலும் குற்றம் இருந்தது. எனக்கு இல்லையே, அவரைக் கட்டினால் ஆகாதே என்று இந்தத் தடவை என் அம்மா மறுத்துவிட்டாள். அவளுக்குச் சாத்திரியாரின் தாளில் நம்பிக்கை போகவில்லை. ஆக, குற்றம் இல்லாதவர்கள் என்னைக் கட்ட மாட்டார்கள், குற்றம் உள்ளவர்களை நான் கட்டக் கூடாது. கொஞ்ச வருடத்தில் கேட்பதை எல்லாரும் நிறுத்தினார்கள். அப்பா ஓய்வு பெற்றதும் குவாட்டர்ஸைக் காலி செய்து பக்கத்திலேயே ஒரு பிளாட்டுக்குப் போனோம். அந்தக் கடிகாரத்தை நான் எடுத்து வரவில்லை.

தொண்ணூறுகளில் ஒரு பள்ளி விடுமுறைக்கு முந்தைய நாள், பரீட்சைத் தாள்களை போட்டோஸ்டாட் எடுக்க பிரிக்பீல்ட்ஸில் புதிதாகத் திறந்த ஒரு கடைக்குப் போனேன். ஊதுபத்தி வாசனை, சுவரில் சாமி படங்கள், மூலையில் ஒரு கம்ப்யூட்டர். 'கம்ப்யூட்டர் ஜாதகம்' என்று பலகை. எனக்கு முன்னால் ஒரு அம்மாவும் மகளும். ரவாங்கில் இருந்து வந்திருந்தார்கள் என்று பேச்சில் தெரிந்தது. பெண்ணுக்கு இருபது வயது இருக்கும், தொழிற்சாலைச் சீருடை போட்டிருந்தாள். அவர்கள் ஒரு தாளைக் கையில் வைத்துக்கொண்டு, இன்னொரு தாளுக்காகக் காத்திருந்தார்கள்.

அந்தத் தாளின் அடியில் ஒரு குட்டி ரயில் இருந்தது. எஞ்சின், மூன்று பெட்டி, கொஞ்சம் புகை.

முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு குனிந்து அந்தத் தாளைக் கிட்டே பார்த்தேன். கம்ப்யூட்டர் புதிது, அச்சு அழகு, தமிழ் எழுத்து கூட வந்துவிட்டது. யாரோ வரிவரியாகப் பார்த்துப் புதிய மிசினுக்கு எழுதி மாற்றியிருக்கிறார்கள். ரயிலைக் கூட விடவில்லை. அதை விடாதவர்கள் அந்த எட்டை மட்டும் மாற்றியிருப்பார்களா?

"இந்தப் பிள்ளை எப்பப் பிறந்தது?" என்று அந்த அம்மாவைக் கேட்டேன்.

எழுபதுகளில் ஒரு வருடம் சொன்னாள். மகளுக்கு இடம் பார்த்திருக்கிறார்கள், நல்ல பையன், லோரி கம்பெனியில் கிளார்க், பெண்ணுக்கும் பிடித்திருக்கிறது. இப்போது கம்ப்யூட்டரில் செவ்வாய் தோஷம் என்று வந்திருக்கிறது. ஊரில் எழுதியதில் இல்லையாம். பையனுக்கும் தோஷம் இருந்தால் தப்பித்துக்கொள்ளலாம், அதனால் அவனுடையதையும் போடச் சொல்லியிருக்கிறார்கள். பெண் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

நான் கடைக்காரரிடம் சொன்னேன். கடிகாரத்தைச் சொன்னேன், அரை மணியைச் சொன்னேன், எட்டு, ஏழரை எல்லாம் சொன்னேன். வகுப்பில் சொல்வது போல நிதானமாகத்தான் சொன்னேன்.

"அக்கா, கம்ப்யூட்டர் பொய் சொல்லாதுக்கா" என்றார் அவர். "ஊர்ல எழுதுனது கை எழுத்து. மனுசன் தப்பு பண்ணுவான்."

"இதை எழுதினது என் தம்பி."

அவர் சிரித்தார். நம்பவில்லை. ஆனால் அந்தப் பெண் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அம்மாவும் பார்த்தாள். எனக்கு ஒரு நிமிடம் நம்பிக்கை வந்தது. அம்மா என் கழுத்தைப் பார்த்தாள், பிறகு காலைப் பார்த்தாள், மெட்டி தேடுகிறாள் என்று புரிந்தது.

"அக்காவுக்கு எத்தனை பிள்ளைங்க?" என்று மரியாதையாகக் கேட்டாள்.

"கல்யாணம் ஆகலை."

"ஓ" என்றாள். மகளின் கையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். கடைக்காரர் பொத்தானைத் தட்டினார். இரண்டாவது தாள் வெளியே வர ஆரம்பித்தது, அம்மாவும் மகளும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.